இன்னும் ஏழு மீட்டர்

அத்தியாயம் 9

"மேடம், ஒரு சந்தேகம்" என்றான் ரேடியோ, மூச்சு வாங்க. "காணாமப் போறவங்க ஏன் எப்பவும் மேட்டுலயே காணாமப் போறாங்க? ஒரு தடவையாவது லிஃப்ட் இருக்கிற கட்டடத்துல காணாமப் போகக் கூடாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். காணாமல் போனவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய அக்கா நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். ஆனால் அவள் முகம் மாறவில்லை. ஒன்பது நாளாக அந்த முகத்தில் எதுவுமே மாறுவதில்லை.

"உன் வாய்க்கு ஒரு ஸ்விட்ச் வைக்கணும்டா" என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலே.

ரேடியோவுக்கு வயது நாற்பத்தாறு. பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட்டைவிட அதிகமாகப் பேச்சுக் கொடுத்ததால் வேலை போனது, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேடம் இருபத்திரண்டு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், நடந்தது நிஜ விபத்தா செட்டப்பா என்று கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். இடது முழங்கால் சரியில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மொத்தத் துப்பறியும் நிறுவனமே இந்த இரண்டு பேர்தான்.

கேஸ் இதுதான். தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு பதினொரு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. வார நாட்களில் லிஃப்ட் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டி வேட்டை. யாராவது ஒருவர் எங்கேயாவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பார். இடத்தின் எண்களை, அட்சரேகை தீர்க்கரேகை என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தோமே அதை, இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் பட்டப்பெயரும் தேதியும் எழுதி, ஏதாவது ஒரு சின்னச் சாமானை விட்டுவிட்டு வரலாம். வீட்டுக்கு வந்து இணையத்திலும் 'கண்டேன்' என்று ஒரு வரி போட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"இவ்வளவு அலைஞ்சு கடைசில ஒரு கையெழுத்துக்குத்தானா? என் கல்யாணம் மாதிரியே இருக்கே" என்று ரேடியோ முதல் நாளே சொல்லி, மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தம்பியின் பட்டப்பெயர் 'நண்டு'. எழுதவும் மாட்டான், ஒரு குட்டி நண்டு வரைந்துவிடுவான். போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு காலை, பனிமூட்டத்தில், இந்தக் கடலோரப் பாறைமேட்டுக்குப் பெட்டி தேடி வந்தான். திரும்பவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் படகுகள் கடலைத் துழாவின. புதன்கிழமை சாயங்காலம் இணையத்தில் நண்டின் பெயரில் ஒரு வரி வந்தது. 'கண்டேன். பட்டன் விட்டேன்.'

ஆள் உயிரோடு இருக்கிறான்! தேடிய கூட்டம் மறுநாளே மூட்டை கட்டியது. அக்கா மேடத்திடம் வந்தாள். அவன் எங்கேயோ இருக்கிறான், ஏதோ ஆபத்தில் இருக்கிறான், கண்டுபிடித்துக் கொடுங்கள்.

மூன்று நாள் டவுனில் லாட்ஜ் லாட்ஜாக, பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாகப் போட்டோவைக் காட்டி அலைந்து, ஒன்றும் கிடைக்காமல், திங்கட்கிழமையான இன்று அந்தப் பெட்டியையே பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

வழிகாட்ட முன்னால் போய்க்கொண்டிருந்தவர் சர்வேயர். நிலம் அளந்து ரிட்டயர் ஆனவர், எழுபது வயது, தனிக்கட்டை. இந்தப் பெட்டியை வைத்தவரே அவர்தான். பெட்டி வேட்டையைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இந்த ஒன்பது நாளும் தையல்காரியின் கடை வாசலில் போய் நிற்காத நாள் இல்லை.

"அந்தக் காலத்துல இந்தக் கரை பூரா கடத்தல்" என்றார் சர்வேயர், கைத்தடியால் கடலைக் காட்டி. "சாராயம், துணி, கடிகாரம். படகு வந்து நிக்கும். பாறையில படி வெட்டி வெச்சிருந்தாங்க. மேல ஒரு காவல் கல்லு. அதுல ஒருத்தன் உக்காந்து பார்த்துட்டே இருப்பான்."

"இப்பவும் கடத்தல் நடக்குதா?" தையல்காரி சட்டென்று கேட்டாள்.

"இல்லம்மா. இப்ப யாரு..."

"நடக்கலாம்ல, அண்ணா? அவன் எதையாவது பார்த்திருப்பான். பிடிச்சு வெச்சிருப்பாங்க. அதான் போன் பண்ண முடியலை. எப்படியோ தப்பிச்சு அந்த ஒரு வரி மட்டும் போட்டிருக்கான்."

சர்வேயர் நடையை எட்டிப் போட்டார். தம்பியைக் கடத்தல்காரர்கள் பிடித்துவைத்திருக்க வேண்டுமே என்று ஓர் அக்கா ஆசைப்படுகிறாள். ரேடியோ எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தான், ஒன்றும் வரவில்லை.

மேட்டின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. போனில் சிக்னல் செத்துவிட்டது. "இங்க எப்பவுமே கிடையாது" என்றார் சர்வேயர். "நம்பரை வீட்டுலயே எழுதி எடுத்துட்டுத்தான் வரணும். இடத்தைக் காட்டற அம்பு மட்டும் சிக்னல் இல்லாமலே வேலை செய்யும்."

மேடம் காலையில் இணையத்திலிருந்து எண்ணை இறக்கி வைத்திருந்தார். அம்பு காட்டிய வழியில் போனார்கள். கடலை விட்டு உள்ளே தள்ளி, இடிந்த கல்சுவர் ஒன்று. அதன் மூன்றாவது இடுக்கில் டப்பா. ரேடியோ கையை விட்டு இழுத்தான்.

"மேடம், மூணு நாள் லாட்ஜுல அலைஞ்சோம். இதுக்கு மூணு நிமிஷம்."

உள்ளே ஒரு பென்சில், ஒரு விசில், ஒரு பொம்மைக் கார், பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய காகிதம். மேடம் காகிதத்தை விரித்தார். கடைசி வரியில் புதன்கிழமைத் தேதி, பக்கத்தில் குட்டி நண்டு.

"அவன்தான்!" தையல்காரி காகிதத்தைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். "பாருங்க, பெரிய கொடுக்கு எப்பவும் இடது பக்கம் போடுவான். அவன்தாங்க!" ஒன்பது நாளில் முதல் தடவையாக அந்த முகம் அசைந்தது. பார்க்கவே பயமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

மேடம் மட்டும் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சர்வேயர் வெச்ச இன்னொரு பெட்டியில தம்பி நாலு மாசத்துக்கு முன்னாடி போட்டது என் போன்ல இருக்கு, பாரு. அதுக்கும் இதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை."

"அதுல என்ன மேடம்? ஒரே ஆளு."

"நீ ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டா ஒரே மாதிரி இருக்குமா?"

"என் கையெழுத்து ரெண்டு தடவை ஒண்ணா இருந்தா பேங்க்காரனே கேக் வெட்டுவான்."

மேடம் சிரிக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்தார். பொம்மைக் காருக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புப் பட்டன் உருண்டு தையல்காரியின் உள்ளங்கையில் விழுந்தது. பட்டன் விடுவது தம்பியின் வழக்கம். அக்கா கடையிலிருந்து பெட்டிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போவான். பெட்டி வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

தையல்காரி பட்டனைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. கையை மூடிக்கொண்டாள். ரேடியோ அதைக் கவனித்தான். மேடமும் கவனித்தார்.

"உங்ககிட்ட ஒரு காகிதம் இருக்குன்னு சொன்னீங்களே?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

தையல்காரி பையிலிருந்து மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்தாள். துணி வெட்ட அளவு வரையும் காகிதம். தம்பி சனிக்கிழமை ராத்திரி கடை மேஜையில் உட்கார்ந்து அதன் மூலையில் தையல் சாக்பீஸால் எண்ணை எழுதி, அதைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போனானாம். மேடம் அந்த எண்ணையும் தன் போனில் இருந்ததையும் வைத்துப் பார்த்தார். கடைசி இரண்டு இலக்கங்கள் வேறு.

"அவசரத்துல தப்பா எழுதியிருப்பான்" என்றார் சர்வேயர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் அண்ணா அவன்" என்றாள் தையல்காரி. "நம்பரை மூணு தடவை படிச்சுப் பார்க்காம ஒரு வயரைத் தொடமாட்டான்."

"ரேடியோ" என்றார் மேடம். "சாக்பீஸ் நம்பரைப் போட்டு நட. போனைப் பார்த்துட்டே போகாதே. தரையைப் பார்த்துப் போ."

ரேடியோ நடந்தான். அம்பு இப்போது கல்சுவரை விட்டுவிட்டு நேரே கடலைக் காட்டியது. நாற்பது மீட்டர். முப்பது. புல் சரிவு. இருபது. காற்று காதில் அறைந்தது. பதினைந்து. பத்து. காலடியில் புல் திடீரென்று முடிந்தது. பச்சை மண் பிய்ந்து தெரிந்தது, வேர்கள் அந்தரத்தில் தொங்கின. கீழே, ரொம்பக் கீழே, வெள்ளை வெள்ளையாக நுரை.

கையில் போன் சொன்னது: இன்னும் ஏழு மீட்டர்.

பனிமூட்டத்தில், கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏழு மீட்டர்தானே என்று எட்டு வைத்திருந்தால்? ரேடியோ அப்படியே மண்ணில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, பிறகு எழுந்து திரும்பி நடந்தான். ஒரு ஜோக்கும் கைவசம் இல்லை.

"அங்க நிலமே இல்லை, மேடம்."

மேடம் சர்வேயரைப் பார்த்தார். "காவல் கல்லு அங்கதானே இருந்துச்சு? பெட்டி முதல்ல அதுலதானே இருந்துச்சு?"

சர்வேயர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "விளிம்புல விரிசல் விட்டுச்சு. பெட்டியை எடுத்துச் சுவத்துல வெச்சேன். அடுத்த மழையில கல்லோட சேர்ந்து எல்லாம் சரிஞ்சு போச்சு. ரெண்டு மாசம் ஆகுது."

"நம்பரை எப்ப மாத்தினீங்க?"

சர்வேயர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் தையல்காரி. உள்ளங்கையை விரித்தாள். "என் தம்பி விடறது புதுப் பட்டன். கடையில அட்டையிலேர்ந்து பிரிச்சு எடுப்பான். இதுல நூல் இருக்கு. தைச்சதை அறுத்திருக்கு. குறுக்கால ரெண்டு, சுத்தி அஞ்சு சுத்து, அடியில ஒரு முடிச்சு. நான்தான் அப்படித் தைப்பேன். போன மாசம் தைச்சேன்." அவள் கை நீண்டு சர்வேயரின் கோட்டைத் தொட்டது. மேலிருந்து மூன்று பட்டன்கள். நாலாவது இடத்தில் துணி மட்டும். "குளிர்ல மார் வலிக்குதுன்னு சொன்னீங்களேன்னு நாலையும் அழுத்தித் தைச்சேன், அண்ணா."

கடத்தல்காரன், ரகசியக் கும்பல், பணயம் என்று எட்டு அத்தியாயமாக எத்தனை கதை கட்டினார்கள்! ஒரு வில்லனும் இல்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கிழவர் விட்டுவிட்ட இரண்டு இலக்கங்கள், அவ்வளவுதான்.

"அன்னிக்கே தெரிஞ்சு போச்சு" என்றார் சர்வேயர். கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க ஓடி வந்தேன். கத்திக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கடல்ல விழுந்து போயிட்டான்னு... நம்பரை மாத்தினேன். பயந்துட்டேன். நாப்பது வருஷம் நிலம் அளந்தவன், நான் எழுதின நம்பர் ஒரு பையனைக் கொன்னுடுச்சுன்னு எப்படிம்மா சொல்லுவேன்? நீ மூணு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை. பார்க்க முடியலை. அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நான்தானே கணக்குத் திறந்து கொடுத்தேன். ஒரு வரி போட்டு, பெட்டியிலயும் அவன் பழைய நண்டை ஒத்தி எடுத்து வெச்சா நீ சாப்பிடுவேன்னு நினைச்சேன்."

"சாப்பிட்டேன்" என்றாள் அவள். "புதன்கிழமை நல்லா சாப்பிட்டேன்."

"அறிவிருக்காய்யா உனக்கு!" ரேடியோ கத்தியேவிட்டான். "வியாழக்கிழமை பாறையில கயிறு கட்டி இறங்கறதா இருந்தாங்க. உன் ஒரு வரியைப் பார்த்துட்டுத்தான் கயித்தைச் சுருட்டிட்டுப் போனாங்க. சாப்பிடறதுக்காகப் பொய் சொன்னானாம்!"

"ரேடியோ, போதும்" என்ற மேடம் சர்வேயரிடம் திரும்பினார். "கல்லுக்கு நேர் கீழே என்ன இருக்கு? கடல் மட்டும்தானா?"

"முன்னால ஒரு குகை இருந்துச்சு. சரக்கு வைக்கிற இடம். வாசல்ல ஒரு திட்டு. மேல இருந்து பார்த்தாலும் தெரியாது, கடல்ல இருந்து பார்த்தாலும் தெரியாது, அதான் கடத்தல்காரங்க அந்த இடத்தைப் பிடிச்சாங்க. ஆனா எல்லாம் மழையில சரிஞ்சிருக்கும்னு..."

"பார்த்தீங்களா?"

"இல்லை."

தையல்காரி மேடத்தின் கையைப் பிடித்தாள். அதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று மேடத்தின் கை விரல்கள் வெளுத்ததில் தெரிந்தது.

மேடத்தின் முழங்காலுக்கு அந்த இறக்கம் நடக்காது. ரேடியோதான் போனான். சர்வேயர் காட்டிய இடத்தில், நூறடி தள்ளி, பாறையில் பழைய படிகள் பாதிப் பாதியாக மிச்சம் இருந்தன. கண்டக்டராக இருந்த காலத்தில் ஓடும் பஸ்ஸின் படியில் தொங்கியவன்தான். ஆனாலும் ஒவ்வொரு எட்டுக்கும் தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டான். கடைசிப் படியிலிருந்து பக்கவாட்டில் ஒரு திட்டு. சரிந்துவிடவில்லை. அங்கேயேதான் இருந்தது.

குகைக்குள் நாலடி தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் தம்பி. ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. சட்டையைக் கிழித்துக் கட்டு போட்டிருந்தான். பாறையில் நீர் கசியும் இடத்துக்குக் கீழே மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடி. அதில் பாதி தண்ணீர். ரேடியோ முகத்தைத் தொட்டுப் பார்த்தான். தொட்டிருக்கவே வேண்டாம்.

பக்கத்துச் சுவரில் பென்சிலால் வரைந்திருந்தது. ஒரு குட்டி நண்டு, பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அடுத்த வரியில் ஒரு நண்டு, திங்கள். செவ்வாய். புதன். ரேடியோ புதன்கிழமை நண்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். சர்வேயர் போட்ட பொய் பொய்யே இல்லை. அன்றைக்கு அவன் உயிரோடுதான் இருந்தான். வியாழன், கயிறு கட்டி இறங்காத நாள், கொடுக்கு கோணலாக ஒரு நண்டு. வெள்ளி. கடைசி நண்டுக்குக் கால்கள் வரையவில்லை. சனிக்கிழமைத் தேதி மட்டும் பாதி எழுதியிருந்தது.

வாய் ஓயாத ரேடியோ அங்கே குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதான். பிறகு தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு மேலே ஏறினான்.

ஏறும்போதே யோசித்தான். என்ன சொல்வது? இவளுக்கு இனிமேல் வாழ்க்கை முழுக்க அந்த ஏழு நாளை எண்ணும் வேலையா? ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். சுவரை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அரை மணிக்கு முன்னால் ஒரு கிழவனை வாய்க்கு வந்தபடி திட்டியவன், மேலே வந்து சேர்வதற்குள் அந்தக் கிழவனாகவே ஆகியிருந்தான்.

மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். சட்டையில்லாத அவன் உடம்பைப் பார்த்ததுமே தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. கேட்டாள்:

"எப்போ?"

"விழுந்த உடனேங்க, அக்கா" என்றான் ரேடியோ. "ஞாயித்துக்கிழமையே. வலியே தெரிஞ்சிருக்காது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். துணியில் நெசவு பார்ப்பவளுக்கு முகம் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்!

"நீங்களுமா?" என்றாள்.

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான். சர்வேயர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சனிக்கிழமை" என்றான் ரேடியோ.

"முந்தாநாளா?"

"ஆமாங்க."

அவள் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ நினைத்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமை நாம எங்க இருந்தோம்?"

"டவுன் பஸ் ஸ்டாண்டுல. கண்டக்டருங்ககிட்ட எல்லாம் அவரு போட்டோவைக் காட்டிட்டு இருந்தோம்" என்றான் ரேடியோ. "நான்தான் அக்கா அங்க கூட்டிட்டுப் போனேன்."